டிரம்முக்குப் போன முதல் குண்டு

பதினேழாம் நம்பர் துப்பாக்கி மூன்றாவது முறையாகப் பழுது பார்க்கும் மேஜைக்குத் திரும்பி வந்தது. கொண்டு வந்தவர் பல் டாக்டர். வாரம் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, விடுமுறை நாளில் இங்கே வந்து அதே ஊராரைப் பெயிண்ட் குண்டால் சுடுகிற அம்மாள்.

"அக்கா, இது சரியில்லை. ஒரு நேரம் ஒழுங்கா சுடுது, ஒரு நேரம் கடிக்குது."

"கடிக்குதுன்னா?"

"கையில உதைக்குது. சத்தமும் வேற மாதிரி வருது. எதிர்ல நின்னவன் அலறிட்டான்."

"அவன் எல்லாத்துக்கும் அலறுவான் டாக்டர். காசு குடுத்து அடி வாங்க வர்ற ஜனம். அலறலைன்னாதான் நாம கவலைப்படணும்."

டாக்டர் சிரித்துவிட்டு வேறு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். அக்கா சிரிக்கவில்லை. பதினேழை மேஜை மீது வைத்து, அது ஏதோ அவள் குடியைக் கெடுத்த பொருள் போல முறைத்தாள். கெடுத்த பொருள்தான் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

அந்த மைதானத்தில் அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். விளையாட வருகிறவர்கள் முதல் கூட்டிப் பெருக்குகிற அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவள் அக்கா. பிறப்பிலேயே அந்த உரிமை உள்ளவன் ஒருவன்தான். அவன் அவளை அப்படிக் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மைதானம் அவள் கணவருடையது. சுற்றிலும் தகரத் தடுப்பு. உள்ளே பழைய டயர் அடுக்குகள், மரப்பெட்டிகள், சக்கரமில்லாத ஒரு வேன். வருகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, முகக்கவசம் மாட்டிக்கொண்டு, ஒளிந்து ஒளிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். குண்டு என்றதும் பயப்பட வேண்டாம். கோலிக்குண்டு அளவில் மெல்லிய தோல், அதற்குள் சாயம், தள்ளி விடுவதற்கு ஒரு சின்ன சிலிண்டரில் அடைத்த காற்று. பட்டால் உடைந்து தெறிக்கும், சுரீரென்று இருக்கும், அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' எல்லாம் வேகம் சரியாக இருக்கும் வரைக்கும். நொடிக்கு இருநூற்று எண்பது அடி என்பது அந்த மைதானத்தின் கணக்கு. ஐந்து பத்து கூடக் குறைய இருக்கலாம். அதற்கு மேல் போனால் அதற்குப் பெயர் விளையாட்டு இல்லை. போகாமல் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை.

அதற்காகவே மேஜையின் ஓரத்தில் வேக மீட்டர் நின்றது. குழலின் வாயை அதன் கண்ணுக்கு நேரே பிடித்துச் சுட்டால் சிவப்பு எழுத்தில் எண் வரும். கூடினால் ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவியால் துப்பாக்கியின் பின்பக்கத் திருகைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், குறைந்தால் இறுக்க வேண்டும். மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் இருந்தது. முதல் இரண்டு குண்டு டிரம்முக்கு, மூன்றாவதிலிருந்துதான் மீட்டருக்கு. இது அக்காவே போட்ட சட்டம். காரணம் இல்லாமல் போடவில்லை. சும்மா கிடந்த துப்பாக்கியில் முதல் குண்டு பல சமயம் குழலுக்குள்ளேயே உடையும். உடைந்தால் சாயம் மீட்டரின் கண்ணில் தெறிக்கும். பிறகு பஞ்சும் குச்சியுமாக உட்கார்ந்து அதைத் துடைத்து முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். அதனால் முதல் இரண்டும் டிரம்முக்கு. நல்ல சட்டம். வேலை செய்கிற எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கடைப்பிடித்தார்கள்.

பதினேழை அவள் ஏற்கெனவே இரண்டு முறை அலசிவிட்டாள். முதலில் குண்டுகளைச் சந்தேகப்பட்டாள். ஈரக்காற்றில் குண்டு ஊதிப் பெருக்கும், குழலுக்குள் ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் போகும், வேகம் தாறுமாறாக வரும். புது மூட்டையைப் பிரித்து, ஒவ்வொன்றாகக் குழலில் போட்டு வாயால் ஊதிப் பார்த்தாள். எல்லாம் சொன்னபடி கேட்டன. பிறகு ரப்பர் வளையங்களை மாற்றினாள், ஸ்பிரிங்கை மாற்றினாள், வேறு சிலிண்டரை மாட்டினாள். ஒவ்வொரு முறையும் டிரம்முக்கு இரண்டு, அப்புறம் மீட்டர். இருநூற்று எழுபத்தொன்பது, எண்பத்தொன்று, எண்பது. மீட்டர் முன்னால் அது பரம சாது. களத்துக்குப் போனால் மட்டும் பேய் பிடித்துவிடும்.

இந்தத் துப்பாக்கியை அவள் மறுபடி வெளியே எடுத்திருக்கவே கூடாது என்று கணவர் காலையில்கூடச் சொன்னார். ஒரு வருஷமாக அது மேல் அலமாரியில் துணி சுற்றிக் கிடந்தது. வேறு இரண்டு துப்பாக்கிகள் ஒரே வாரத்தில் படுத்துவிட்டதால் வேறு வழியில்லாமல்தான் இறக்கினாள். இறக்கும்போதே அவளுக்குக் கை கூசியது.

அது அலமாரிக்குப் போன அன்றைக்கு நடந்தது இதுதான்.

அவள் தம்பி அங்கே நடுவராக இருந்தான். எல்லோரும் அவனை விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் விசில், பாக்கெட்டில் ஆலன் கீ. களத்தில் யாருடைய துப்பாக்கியாவது குண்டு போய்ச் சேராமல் நொண்டினால் அங்கேயே திருகைத் தொட்டுச் சரி செய்யட்டும் என்று அந்தச் சாவியைக் கொடுத்ததும் அக்காதான். வேலையில் கெட்டிக்காரன், வாயில் கெட்டவன். சுருக்கென்று கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும்.

அன்றைக்கு ஒரு ஆபீஸ் கூட்டம் வந்தது. அதில் மேனேஜர் ஒருவர் முகக்கவசத்தை நெற்றிக்கு மேல் தூக்கி விட்டுக்கொண்டு களத்தில் உலாத்தினார். விசில் அதைக் கீழே இறக்கச் சொன்னான். "நீ விசில் ஊதுற ஆளு. ஊதிட்டு ஓரமா நில்லு," என்றார் அவர், தன் ஆட்கள் அத்தனை பேர் எதிரிலும். கவசத்தை இறக்கினார், ஆனால் காதை மூடுகிற பட்டையை மாட்டிக்கொள்ளவில்லை. இடைவேளையில் தம்பி தண்ணீர் குடித்துக்கொண்டே, "இருக்கு இவருக்கு," என்றான். நாலு பேர் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னான். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசத் தெரிந்தவனாக இருந்திருந்தால் அதைச் சொல்லியிருக்கவே மாட்டான்.

கடைசி ஆட்டத்துக்கு ஒரு கட்சியில் ஆள் குறைந்தது. விசிலே ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினான். பதினேழாம் நம்பர். வேனுக்குப் பின்னால் போய்ப் பதுங்கி, ஆட்டம் முழுக்க ஒரு குண்டுகூடச் சுடாமல் உட்கார்ந்திருந்தான். கடைசியில் மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தபோது ஒரே ஒரு முறை சுட்டான். அவர் தலையைத் திருப்பிய நேரம், குண்டு காதில் போய் அடித்தது. அவர் மண்டியிட்டு விழுந்ததையும் விரல்களுக்கிடையே சாயத்தோடு ரத்தம் கலந்து வந்ததையும் அக்கா மேஜையிலிருந்தே பார்த்தாள். காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. அந்தக் காதுக்குக் கேட்கும் சக்தி திரும்ப வரவே இல்லை.

கூட்டம் மேஜையைச் சூழ்ந்துகொண்டது. வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் சுட்டிருக்கிறான் என்று ஒருவர் கத்தினார். அக்கா துப்பாக்கியை வாங்கினாள். டிரம்முக்கு இரண்டு, மீட்டருக்கு மூன்றாவது. இருநூற்று எழுபத்தெட்டு. இந்த வேகத்தில் காதிலிருந்து இப்படி ரத்தம் வராது என்று அவளுக்குத் தெரியும். அப்படியானால் சுடும்போது வேகம் அதிகமாக இருந்திருக்க வேண்டும், இங்கே வருவதற்குள் யாரோ குறைத்திருக்க வேண்டும். சாவி யாரிடம் இருந்தது?

அவள் தம்பியின் பாக்கெட்டில் கையை விட்டு, எல்லோர் கண்ணெதிரே அந்தச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"திருப்புனியாடா?"

"இல்லக்கா. நான் தொடவே இல்ல."

"காலையில நான் பார்த்து வெச்சேன். இப்பவும் சரியா இருக்கு. நடுவுல மட்டும் எப்படிடா மாறும்? மீட்டர் பொய் சொல்லாதுடா."

"சத்தியமா இல்லக்கா."

"பின்ன என்ன, துப்பாக்கி தானா திருகிக்குச்சா?" என்றாள் அவள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தம்பி விசிலைக் கழற்றி சாவியின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தகரக் கதவைத் திறந்துகொண்டு போனான். கோபத்தில் ஒரு ஆள் செய்த காரியம், அவனை அன்றே அனுப்பியாகிவிட்டது என்று கணவர் மேனேஜரின் வீட்டுக்கே போய்ப் பேசி, விஷயத்தை மேற்கொண்டு போகாமல் முடித்தார்.

அம்மா அன்றுவரை மகள் வீட்டில் இருந்தாள். சேதி கேட்டதும், "அவன் செய்யலைன்னு சொன்னானா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னான் என்றாள் அக்கா. "அப்ப செய்யலை," என்று சொல்லிவிட்டு அம்மா மகனோடு போய் இருக்கத் தன் துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். பெற்ற பாசம் கண்ணை மறைக்கிறது, வேறென்ன என்று அக்கா நினைத்துக்கொண்டாள். துப்பாக்கியைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும்?

இப்போது மூன்றாவது முறையாகப் பதினேழைப் பிரித்துப் பூட்டினாள். பல் டாக்டர் சொன்னது மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. டாக்டர் எப்படி ஆடுவார் என்பது அவளுக்குத் தெரியும். மற்றவர்கள் மாதிரி ஓடி ஓடிச் சுடுகிறவர் இல்லை. பல்லைப் பிடுங்கக் காத்திருக்கிற பொறுமையோடு ஓரிடத்தில் பதுங்கி இருந்து ஒன்று, பிறகு வெகுநேரம் கழித்து ஒன்று. வேறு யாரும் பதினேழைப் பற்றிக் குறை சொன்னதில்லை. டாக்டர் மட்டும்தான் சொல்கிறார்.

சிலிண்டரை மாட்டிக் காற்றைத் திறந்து வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கணவர் ஆபீஸ் அறையிலிருந்து கூப்பிட்டார். முகக்கவசம் வாங்கிய கடைக்காரர் போனில் இருந்தார், அவரோடு மல்லுக்கட்டிவிட்டு அவள் திரும்பி வர நேரமாகிவிட்டது. துப்பாக்கி காற்றைப் பிடித்தபடி மேஜையில் கிடந்தது. எடுத்தாள், வழக்கம்போல் இடப்பக்கம் திரும்பினாள். டிரம் இல்லை. பெருக்குகிற அம்மா அதைக் கழுவுவதற்காகக் குழாயடிக்கு உருட்டிக்கொண்டு போயிருந்தாள்.

கொண்டு வா என்று குரல் கொடுத்திருக்கலாம். ஏற்கெனவே கடைக்காரர் மீது எரிச்சல். தெறித்தால் தெறிக்கட்டும், துடைத்துத் தொலைக்கிறேன் என்று மீட்டருக்கு நேரே பிடித்துச் சுட்டாள்.

சத்தம் வேறு மாதிரி வந்தது. முந்நூற்று ஐம்பத்தாறு.

மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். மறுபடி சுட்டாள். இருநூற்றுத் தொண்ணூறு. மறுபடி. எண்பது. மறுபடி. எழுபத்தொன்பது. வேறு துப்பாக்கியை எடுத்துப் பார்த்தாள், மீட்டர் சரியாகத்தான் இருந்தது. பதினேழை மேஜையில் வைத்துவிட்டு அதைத் தொடாமல் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் போனதும் எடுத்துச் சுட்டாள். முந்நூற்று நாற்பத்தெட்டு. அடுத்தது இருநூற்று எண்பத்தைந்து, அதற்கடுத்தது எண்பது.

துப்பாக்கிக்கு அடியில் இருந்த, காற்றை அளந்து விடுகிற ரெகுலேட்டரைக் கழற்றிப் பிரித்தாள். வெளியே இருக்கிற அத்தனையையும் மாற்றியவள் அதை மட்டும் தொட்டிருக்கவில்லை. மூன்றாவது குண்டு ஒழுங்காக வருகிறது என்றால் ரெகுலேட்டர் ஒழுங்கு என்றுதானே அர்த்தம். உள்ளே சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வட்டு. சிலிண்டரின் காற்றுக்கு அதுதான் கதவு. வேண்டிய அளவு வந்ததும் மூடிக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் தடவினாள். நகம் ஓரிடத்தில் தட்டியது. மயிரிழைக் கீறல்.

இறுக்கி மூடினாலும் சொட்டுகிற குழாய் மாதிரி, அந்தக் கீறல் வழியாகக் காற்று ஊறி ஊறி உள்ளே சேர்ந்திருக்கிறது. விடாமல் சுட்டுக்கொண்டிருந்தால் சேர நேரமில்லை, வேகம் சரியாக இருக்கும். சும்மா வைத்திருந்துவிட்டுச் சுட்டால், சேர்ந்தது மொத்தமும் முதல் குண்டில் போகும். அந்த முதல் குண்டைத்தான் தினமும் காலையில் அவள் தன் கையால் டிரம்முக்குள் சுட்டுக்கொண்டிருந்தாள். வேனுக்குப் பின்னால் ஆட்டம் முழுக்கச் சுடாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு டிரம் ஏது? அவன் முதல் குண்டு ஒரு மனிதனின் காதுக்குப் போனது.

அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பெருக்குகிற அம்மா டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்துவிட்டு, அக்காவுக்குக் கண்ணில் சாயம் பட்டுவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

கணவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, ஜாக்கிரதையான மனிதர். இந்த இரண்டாவது வகையோடு குடும்பம் நடத்துவதுதான் கஷ்டம்.

"சரி. இப்ப என்ன செய்யணும்ங்கிற?"

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க? தம்பி எதுவும் செய்யலை. அந்த மேனேஜர்கிட்ட சொல்லணும். இங்க இருக்கிறவங்ககிட்ட சொல்லணும்."

"மெதுவா பேசு. துப்பாக்கி யாரோடது? நம்மளது. சோதிச்சுக் குடுத்தது யாரு? நீ. எவனோ ஒருத்தன் கோபத்துல செஞ்சுட்டான்னு சொன்னதாலதான் அந்த ஆள் விட்டுட்டுப் போனாரு. இப்ப போய் எங்க பொருள்லதான் கோளாறுன்னு சொல்லு. நாளைக்கே இந்தக் கதவை இழுத்து மூட வேண்டியதுதான்."

"அப்ப அவன்?"

"வரச் சொல்லு. பழைய வேலையே தரேன். நான் எதையும் மனசுல வெச்சுக்கலைன்னு சொல்லு. ஏன் எதுக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க வேண்டியதில்லை."

மனதில் வைத்துக்கொள்ளவில்லையாம். அவளுக்கு அவர் முகத்தில் அடித்தாற்போல் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் என்ன சொல்வது? அன்றைக்குக் கூட்டத்தின் நடுவே தம்பியின் பாக்கெட்டில் கை விட்டது அவர் இல்லையே.

வட்டை அவள் மாற்றவில்லை. கீறல் விழுந்ததையே திரும்ப வைத்து ரெகுலேட்டரைப் பூட்டினாள். துப்பாக்கியையும் சிலிண்டரையும் மீட்டரையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மறுநாள் தம்பியைத் தேடிப் போனாள்.

அவன் டயர் கடையில் வேலை பார்த்தான். இங்கேயும் காற்றுதான் பிழைப்பு என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றி, அடுத்த கணமே அப்படித் தோன்றியதற்கு வெட்கமாக இருந்தது. கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு லாரிச் சக்கரத்தின் முன் குந்தியிருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். இளைத்திருந்தான். நெற்றி ஓரத்தில் முடி நரைத்திருந்தது.

"என்ன?" என்றான். அக்கா என்ற சொல் அதற்குப் பின்னால் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"ஒண்ணு காட்டணும். கொஞ்சம் உள்ள வாடா."

அவன் சக்கரத்தின் கடைசித் திருகு வரை முடித்துவிட்டுத்தான் எழுந்தான். கடையின் பின்பக்கம் பழைய டியூப்கள் குவிந்து கிடந்த இடத்தில், ஒரு மரப்பலகை மேல் அவள் மீட்டரை வைத்தாள். சிலிண்டரை மாட்டிக் காற்றைத் திறந்தாள். பதினேழை அவன் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கொஞ்ச நேரம் இப்படியே வெச்சிருக்கணும்," என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரம் லேசில் போகவில்லை. ஒரே வீட்டில் ஒரே தட்டுக்குச் சண்டை போட்டு வளர்ந்த இரண்டு பேர், நடுவில் ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டு, அதற்குள் காற்று ஊறட்டும் என்று பேசாமல் நின்றார்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது. இதை முதலில் காட்டிவிட்டுக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

பிறகு எடுத்து, மீட்டருக்கு நேரே பிடித்து, டியூப் குவியலைப் பார்த்துச் சுட்டாள். முந்நூற்று ஐம்பத்திரண்டு. உடனே இன்னொன்று. இருநூற்று எண்பத்தேழு. இன்னொன்று. எண்பது.

"பாத்தியா? முதல் குண்டு மட்டும்தான். ரெகுலேட்டருக்குள்ள இருக்கிற வட்டுல கீறல். நாமதான் முதல் ரெண்டை டிரம்முக்குப் போட்டுடுவோமே, அதனால தெரியவே இல்லடா. நீ வேனுக்குப் பின்னால அவ்வளவு நேரம் சும்மா இருந்திருக்க. நீ திருப்பலைடா. துப்பாக்கிதான்." மூச்சு விடாமல் சொன்னாள். "தப்பு என்னோடதுடா. நான்தான் அநியாயமா உன் மேல பழியைப் போட்டுட்டேன்."

அவன் மீட்டரில் நின்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அழுவான், அல்லது கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"நான் திருப்பியிருப்பேன்னுதான் நெனச்சேன்," என்றான்.

"என்னடா சொல்ற?"

"அன்னைக்கு அந்த ஆள் மேல அவ்வளவு கோபம். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தோணிச்சு. உனக்குத் தெரியாத துப்பாக்கியா? என்னையறியாம கை திருகுக்குப் போயிருக்குமோன்னு ஒரு வருஷமா யோசிச்சுக்கிட்டிருக்கேன். அந்த ஆளோட காது கனவுல வரும். ரெண்டு தடவை அவர் வீட்டு வாசல் வரைக்கும் போய், நான்தான் செஞ்சேன் மன்னிச்சிடுங்கன்னு சொல்லப் பார்த்தேன். வாசல்ல நின்னுட்டு வந்துட்டேன்."

அவள் அவன் கையைப் பிடிக்கப் போனாள். கிரீஸ் கையை அவன் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"மாமா என்ன சொன்னாரு?"

"வரச் சொன்னாரு. பழைய வேலையே..."

"எல்லார்கிட்டயும் சொல்லுவாரா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டாரு. அப்ப நான் எந்த முகத்தோட அங்க வர்றது? தப்பு செஞ்சவனை மாமா பெரிய மனசு பண்ணிச் சேத்துக்கிட்டாருன்னா?" கோபமே இல்லாமல் கேட்டான். அவளுக்குத் தெரிந்த தம்பி சுருக்கென்று எரிந்து விழுவான். இவன் ஒரு வாடிக்கையாளரிடம் டயர் இனி ஒட்டுப் போட்டுத் தேறாது என்று சொல்கிற மாதிரி பேசினான்.

"நான் சொல்றேன்டா. அவர் சொல்லட்டும், சொல்லாம போகட்டும். அந்த மேனேஜர் வீட்டுக்கு நானே போறேன். இப்பவே போறேன்."

"போ. நியாயமா அவருக்குத் தெரியணும். அது உன் வேலை, செய்."

வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டான். அவள் அவசர அவசரமாக மீட்டரைப் பையில் வைத்தாள். இதை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு கதவு திறக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு மிச்சமிருந்தது.

"சாயங்காலம் வீட்டுக்கு வரேன்டா. அம்மாகிட்ட நானே சொல்றேன். இதையும் கொண்டு வந்து, அம்மா கண்ணெதிர்ல சுட்டுக் காட்டறேன்."

அவன் முதல் முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தான்.

"என்னன்னு காட்டுவ? நான் செய்யலைன்னா? அது அம்மாவுக்கு அன்னைக்கே தெரியுமேக்கா. உனக்குத்தான் மீட்டர் வேண்டியிருந்துச்சு."

ஹாரன் மறுபடி அடித்தது. அவன் காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு வெளியே போனான். "பின் சக்கரத்துக்கு எவ்வளவு வைக்கட்டும்?" என்று யாரையோ கேட்கிற குரல் வந்தது. அவள் பதினேழைப் பையில் வைத்தாள். சிலிண்டரை மூட மறந்திருந்தாள், திரும்ப வெளியே எடுத்து மூடினாள்.